தொப்பியில் ரவை எதற்கு?

டிசம்பர் 3, வாசகர் ஒருவரின் கேள்வி

தபலா ஜோடியில் இடக்கைப் பக்கம் இருக்கும் பாயாவில் கரணை, அதாவது முகத்தின் கறுப்புப் பூச்சு, நிரந்தரமாகவே இருக்கிறது. வாசிப்பவர் வந்து உட்கார்ந்ததும் வாசிக்கலாம். மிருதங்கத்தில் மட்டும் ஒவ்வொரு கச்சேரிக்கும் ரவையைப் பிசைந்து தொப்பியில், அதாவது இடப்பக்க முகத்தில், ஒட்டி, முடிந்ததும் வழித்துப் போடுகிறார்கள். வலப்பக்க முகமான வலந்தலையில் நிரந்தரமாகக் கரணை போடத் தெரிந்தவர்களுக்குத் தொப்பியில் போடத் தெரியாதா? பழக்கத்தை விட்டால் வேறு காரணம் இல்லை என்பது என் கட்சி.

டிசம்பர் 3, இரவு

பழக்கம் இல்லை. வார்தான் காரணம்.

மிருதங்கத்தின் இரண்டு முகங்களையும் இழுத்துக் கட்டுவது ஒரே எருமைத்தோல் வார். வலந்தலையின் விளிம்பில் பின்னிய தோல் வளையமான மூட்டில் உள்ள கண்ணில் (துளையில்) நுழைந்து, கட்டையின் மேல் நீளவாட்டில் ஓடி, தொப்பியின் மூட்டில் புகுந்து திரும்பி, மறுபடி வலந்தலைக்கு வருகிறது. இப்படி 16 கண்களும் கட்டப்படுகின்றன. வலந்தலையைப் பாடகரின் சுருதிக்கு ஏற்றும்போது தொப்பியும் கூடவே கொஞ்சம் இழுபடும். இறக்கினால் தொப்பியும் தளரும். தொப்பியை மட்டும் தனியாகச் சுருதி சேர்க்க வாரில் வழி இல்லை. அந்த ஒரு வழியைத் தருவதுதான் ரவை. கூட்டினால் சுருதி இறங்கும், கிள்ளி எடுத்தால் ஏறும்.

தபலாவும் பாயாவும் இரண்டு தனித்தனி வாத்தியங்கள். ஒவ்வொன்றுக்கும் தன் வார், தன் இறுக்கம். அங்கே நிரந்தரக் கரணையால் தொல்லை இல்லை. பாயாவின் கரணை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மணிக்கட்டை அழுத்தி நகர்த்த இடம் வேண்டும் என்பதற்காக அப்படி. மிருதங்கத்தின் தொப்பியில் கை வைக்கும் முறையே வேறு.

வடக்கில் பக்காவஜ் வாத்தியத்துக்கும் ஒரே வார்தான். அவர்களும் இடப்பக்கம் கோதுமை மாவைப் பிசைந்துதான் ஒட்டுகிறார்கள். இது தற்செயலாக நடந்த ஒற்றுமை அல்ல.

டிசம்பர் 4

கேட்டவரின் மறுப்பு: "வங்காளத்துக் கோல் என்ற மேளத்துக்கும் ஒரே வார்தானே? அதில் இரண்டு பக்கமும் நிரந்தரக் கரணை இருக்கிறதே?"

சரியான மறுப்பு. நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். ஒரே வாரில் கட்டிய மேளத்தில் இரு பக்கமும் நிரந்தரக் கரணை இருக்க முடியாது என்று நான் சொன்னதுபோல் ஆகிவிட்டது. இருக்க முடியும், கோல் அதற்குச் சாட்சி. ஆனால் கீர்த்தனக் கூட்டத்தில் கோலின் இடமுகம் பாடகரின் மந்தர ஸட்ஜத்தில் (கீழ் ஸ்தாயி ஸ) போய் நிற்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆழமாக, கும்மென்று இருந்தால் போதும். கர்நாடகக் கச்சேரியில் தம்புரா பக்கத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது. தொப்பி கால் சுரம் விலகினாலும் தனி ஆவர்த்தனத்தில் காதை உறுத்தும். ஆகவே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஒரே வாரும் வேண்டும், இரண்டு முகமும் அன்றைய சுருதியில் நிற்கவும் வேண்டும் என்றால் ஒரு பக்கத்தின் சுமை மாற்றத்தக்கதாக இருந்தாக வேண்டும்.

டிசம்பர் 4, பின்னிரவு

செய்முறை கேட்டிருக்கிறார்கள்.

வெள்ளை ரவை, பொடியானது. வறுக்காதது. கடையில் வறுத்து விற்கும் ரவை உப்புமாவுக்கு நன்றாக வரும், தொப்பியில் பிடிக்காது. மாவின் பசை வறுபடும்போதே போய்விடுகிறது. சம்பா ரவையும் உதவாது, பருக்கை பெரிது.

இரண்டு தேக்கரண்டி ரவைக்குத் தண்ணீர் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஒரேயடியாக ஊற்றாமல் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பிசைந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். பருக்கைகள் தண்ணீரைக் குடித்து ஊறும். பிறகு மறுபடி பிசைந்தால் இழுத்தால் நீளும் பதம் வரும். உள்ளங்கையில் ஒட்டாமல், விரலால் அழுத்தினால் தடம் நிற்க வேண்டும். அதுதான் பதம்.

அடுத்து, வலந்தலை. அதை முழுக்கச் சுருதி சேர்த்த பிறகே ரவையைத் தொட வேண்டும். முன்னால் ஒட்டிவிட்டு வலந்தலையைத் தட்டினால் தொப்பியின் சுருதி நகர்ந்துவிடும், வேலை இரட்டிப்பு.

ஈர விரலால் தொப்பியின் நடுவை வட்டமாக நனைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். காய்ந்த தோலில் நேரே ஒட்டினால் தோல் ரவையின் ஈரத்தை உறிஞ்சி, அடிப்பக்கம் காய்ந்து, பாதிக் கச்சேரியில் பெயர்ந்துவிடும். பிறகு நெல்லிக்காய் அளவு உருண்டையை நடுவில் வைத்து அழுத்தி, ஈர விரலால் வெளிப்பக்கமாக வழித்து, சுமார் மூன்று அங்குல வட்டமாக்க வேண்டும். நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெலிவு. ஓரம் தூக்கி நின்றால் ஒவ்வொரு அடிக்கும் ஜர்ரென்று ஒரு சத்தம் கூடவே வரும். ஓரத்தை ஈரம் தொட்டு வழித்துத் தோலோடு சேர்த்தால் அது நிற்கும்.

தொப்பியில் 'தொம்' அடித்துப் பார்க்க வேண்டும். வலந்தலையின் ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே வர வேண்டும். ஏறியிருந்தால் பட்டாணி அளவு ரவை சேர்க்கலாம். இறங்கியிருந்தால் நடுவிலிருந்து கிள்ளி எடுக்கலாம், ஓரத்திலிருந்து அல்ல. சுமை நடுவில் இருக்கும்போதுதான் சுருதியை அதிகம் அசைக்கும்.

டிசம்பர் 5

நெல்லிக்காய் அளவு என்று எழுதியது எல்லா மிருதங்கத்துக்கும் பொருந்தாது. 5 கட்டை, 5½ கட்டை போன்ற உயர்ந்த சுருதிக்கு வைத்திருக்கும் 22 அங்குல மிருதங்கத்துக்கு அது போதும். 1 கட்டை போன்ற தாழ்ந்த சுருதிக்கு உள்ள 24 அங்குலத் தக்கு மிருதங்கத்தின் தொப்பிக்கு இன்னும் கொஞ்சம் பிடிக்கும். அளவை எடை போட்டு வைத்துக்கொள்ள முயல்வது வீண். அன்றைய காற்றின் ஈரம் அதை மாற்றிவிடும்.

டிசம்பர் 7

கேள்வி: "எவ்வளவு ரவை வைத்தாலும் தொப்பி இறங்கவே மாட்டேன் என்கிறது."

ரவையில் குற்றமில்லை. வார் அதிகமாக இறுகியிருக்கிறது, அல்லது மர உடலுக்குப் பொருந்தாத சுருதிக்கு ஏற்றியிருக்கிறீர்கள். ஒரு மிருதங்கம் அரைக் கட்டை, மிஞ்சினால் ஒரு கட்டை வரை மேலும் கீழும் போகும். 2 கட்டை வாத்தியத்தை 4 கட்டைக்கு இழுத்தால் வலந்தலை கத்தும், தொப்பி விறைக்கும். ரவையை மலைபோல் குவித்தால் சுருதி ஒருவேளை இறங்கும், நாதம் செத்துவிடும். ரவை ஈரமான பொருள். சுமையாகவும் இருக்கிறது, அதிர்வை அடக்கவும் செய்கிறது. இந்த இரண்டாவது குணம் அளவோடு இருந்தால்தான் கும்கி, அதாவது தொப்பியின் ஓசையை வளைப்பது, வரும்.

இன்னொருவருக்கு நேர்மாறான தொல்லை. நல்ல பதத்தில் ஒட்டினாலும் ஒரு மணி நேரத்தில் தொப்பி ஏறிவிடுகிறதாம். குளிரூட்டிய அரங்கில் இது நடக்கும். காற்று வறண்டிருக்கும், தோல் ஈரத்தை இழந்து இறுகும், ரவையும் காய்ந்து எடை குறையும். இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. வயலின்காரர் ராகம் வாசிக்கும் நேரத்தில் மிருதங்கக்காரர் ஈர விரலால் ரவையைத் தடவிக்கொடுப்பது இதற்குத்தான். ஒரு சொட்டு போதும். தண்ணீர் வழிந்து தோலுக்குள் இறங்கினால் அன்றைக்குத் தொப்பி மீளாது.

டிசம்பர் 8

வலந்தலையைத் தட்டும் முறையையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரவையின் மேல் போடும் பழியில் பாதி இங்கே பிறக்கிறது.

மூட்டின் மேல் சிறு மரக்கட்டையை வைத்துக் கல்லால் தட்ட வேண்டும். முகத்துப் பக்கமிருந்து கீழ்நோக்கித் தட்டினால் மூட்டு இறங்கித் தோல் இறுகும், சுருதி ஏறும். கீழிருந்து முகத்தை நோக்கித் தட்டினால் தளரும். 16 கண்களையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போவது தவறு. ஒன்றைத் தட்டினால் அடுத்து அதற்கு எதிர்க் கண், அதாவது 1, 9, பிறகு 5, 13. இல்லாவிட்டால் மூட்டு ஒரு பக்கம் சாய்ந்து, எந்தக் கண்ணில் மீட்டினாலும் வேறு வேறு சுரம் கேட்கும். ஒவ்வொரு கண்ணுக்கு நேரேயும் மோதிர விரலைக் கரணை ஓரத்தில் லேசாக வைத்துச் சுட்டு விரலால் மீட்ட வேண்டும். எல்லாக் கண்ணிலும் ஒரே சுரம் வந்தால்தான் வலந்தலை சேர்ந்தது என்று பொருள். பெரிய மாற்றம் வேண்டுமென்றால் கல்லால் ஆகாது. வாரை இழுக்க வேண்டும், அது கைத்தேர்ந்தவர் வேலை.

வலந்தலையில் அடிக்கும் சாப்பு என்ற சொல்லின் இழைவுக்கு வேறொரு நுணுக்கம். வலந்தலையின் தோல் அடுக்குகளுக்கு இடையில் சிறு குச்சித் துண்டுகளை ஆரம்போல் செருகினால் குச்சி மிருதங்கம். கருங்கல் பொடியைத் தூவினால் கப்பி மிருதங்கம். இரண்டின் சாப்பையும் அடுத்தடுத்துக் கேட்டால் காது பிரித்துச் சொல்லிவிடும்.

டிசம்பர் 11

"கரணை எதற்கு என்று முதலில் சொல்லுங்கள், ரவைக்கு அப்புறம் வரலாம்" என்று ஒருவர். நியாயம். இங்கிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

வெறும் தோலை வளையத்தில் இழுத்துக் கட்டி அடித்தால் சுரம் வராது, ஓசைதான் வரும். வட்டத் தோல் ஒரே நேரத்தில் பல விதமாக அதிரும். அடி அதிர்வை, அதாவது எல்லாவற்றிலும் தாழ்ந்ததை, 1 என்று வைத்தால் அடுத்தவை 1.594, 2.136, 2.296, 2.653, 2.918 என்று போகின்றன. தந்தியில் 1, 2, 3, 4 என்று முழு எண்ணில் வருவதால்தான் வீணை சுரமாகக் கேட்கிறது. தோலின் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் முரண்டு பிடிக்கின்றன.

கரணை இந்த முரண்டை அடக்குகிறது. நடுவில் சுமை ஏற்றினால் அடி அதிர்வு அதிகமாக இறங்கும், மற்றவை அவ்வளவு இறங்காது. சுமையின் அளவும் பரப்பும் சரியாக அமைந்தால் மற்றவை அடி அதிர்வின் 2, 3, 4, 5 மடங்குகளில் வந்து நிற்கும். சர் சி.வி. ராமன் 1920ல் கல்கத்தாவில் இருந்தபோது சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். 1934ல் மறுபடி விரிவாக எழுதினார். தோலின் மேல் நுண்மணலைத் தூவி, எந்தக் கோட்டில் மணல் அசையாமல் நிற்கிறது என்று படம் பிடித்தார். அவர் கண்டது: முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்தே சுரங்களில் ஒடுங்கிவிடுகின்றன. ஒன்று முதலாவதில், ஒன்று இரண்டாவதில், இரண்டு மூன்றாவதில், இரண்டு நான்காவதில், மூன்று ஐந்தாவதில்.

ஒன்பதையும் ஐந்தில் ஒடுக்கியவர்கள் சமன்பாடு எழுதியவர்கள் அல்ல, தோல் பதமிட்டவர்கள். கிட்டான் கல்லைப் பொடித்துச் சலித்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாகத் தடவுகிறார்கள். ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்துக் காயவைத்த பிறகே அடுத்தது. தேய்க்கத் தேய்க்கக் கரணையில் மயிரிழை வெடிப்புகள் விழுகின்றன. அவை பழுது அல்ல. அந்த வெடிப்புகளால்தான் கரணை சிறு சிறு தீவுகளாகப் பிரிந்து, தோலோடு வளைந்து கொடுக்கிறது. வெடிக்காத கரணை ஒரு கெட்டி வில்லை, அது தோலை விறைக்க வைக்கும். அவசரப்பட்டுத் தடித்த பூச்சாகப் போட்டால் உள்ளே ஈரம் நின்று, சில வாரங்களில் பாளமாகப் பெயரும்.

டிசம்பர் 11, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு இதையும் சேர்க்க வேண்டும். மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் மிருதங்கத்தில் இருக்கிறது. அந்தத் தோலைத் தேர்ந்து, உலர்த்தி, அறுத்து, பின்னி, கரணை போடுகிறவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். தஞ்சாவூர்க் குடும்பங்களில் பலர் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பேசுகிறோம், அவருக்கு வாத்தியம் செய்து தந்த பர்லாந்துவின் பெயர் எத்தனை ரசிகருக்குத் தெரியும்? கச்சேரி அழைப்பிதழில் மிருதங்கக்காரர் பெயருக்குக் கீழே செய்தவர் பெயரையும் ஒரு வரி போடலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

டிசம்பர் 13

வலந்தலையின் கரணையில் இத்தனை துல்லியம் இருக்கிறதே, தொப்பியின் ரவையும் ஒன்பதை ஐந்தாக்குகிறதா என்று கேட்டவருக்கு: அந்த வேலையை அது செய்ய வேண்டியதில்லை. தொப்பியில் நமக்கு வேண்டியது அடி அதிர்வு ஒன்றுதான். ஈர ரவை மேல் அதிர்வுகளைச் சீக்கிரம் அணைத்துவிடும். மிஞ்சுவது ஆழ்ந்த, குறுகிய, உருண்டையான ஓர் ஓசை. வலந்தலை மணிபோல் நீள்கிறது, தொப்பி சொல்லி முடித்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து பேசுவது இந்த வேற்றுமையால்தான். உங்கள் முதல் கேள்விக்கு வார் ஒரு பதில் என்றால் இது இரண்டாவது. வலந்தலையில் உள்ளதைப் போன்ற காய்ந்த கரணையைத் தொப்பியிலும் போட்டால் அதுவும் நீளும். நீண்டால் வேகமான சொற்கட்டுகளில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பும்.

டிசம்பர் 16

இது கொஞ்சம் வழி விலகல். பூச்சின் வயது பற்றி.

சங்க நூலான பொருநராற்றுப்படையில் 'மண்ணமை முழவு' என்று வருகிறது. முழவின் முகத்தில் அமைத்த மண்ணை உரைகாரர்கள் மார்ச்சனை என்கிறார்கள். நாட்டிய சாத்திரம் ஆற்றங்கரையின் கருமண்ணை இதற்குச் சொல்கிறது. அது கிடைக்காவிட்டால் கோதுமை மாவோ யவ (வாற்கோதுமை) மாவோ ஆகலாம் என்றும் சேர்க்கிறது. ஆக ரவை திடீரென்று முளைத்த ஏற்பாடு அல்ல. மண், மாவு, ரவை என்று ஒரே வேலைக்குப் பொருள் மாறி வந்திருக்கிறது. மிருதங்கம் என்ற சொல்லில் உள்ள 'மிருத்து' மண்தான். அது களிமண் உடலைக் குறிக்கிறது என்பது வழக்கமான விளக்கம். முகத்தில் பூசிய மண்ணையும் குறிக்கலாமே என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. ஆசைதான், வாதமாக வைக்கவில்லை. இன்றைய உடல் பலாக்கட்டை.

மாவை விட ரவை ஏன் பிடித்துப் போனது? மைதா நன்றாக ஒட்டும். காய்ந்தால் ஓடுபோல் இறுகி, பிய்க்கும்போது தோலின் மேல் படலத்தையும் கொண்டுபோகும். ரவையின் பருக்கைகளுக்கிடையே ஈரம் தங்குவதால் மெதுவாகக் காயும், எடுக்கவும் எளிது.

டிசம்பர் 17

எடுப்பது பற்றி, நேற்று விட்டுப்போனது. கச்சேரி முடிந்த அன்றே எடுக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது விரலால் உருட்டினாலே வந்துவிடும். மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டுப் பிறகே உறையில் போட வேண்டும். மறந்து விட்டால் மறுநாள் எறும்பு வரும், அப்புறம் கரப்பான், அப்புறம் எலி. எலிக்கு ரவையும் தோலும் ஒன்றுதான். காய்ந்துவிட்ட ரவையைக் கத்தியால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியை அதன்மேல் மட்டும் கால் மணி நேரம் போட்டு வைத்தால் இளகும்.

வெயிலில் காயவைப்பது கூடவே கூடாது. தோல் ஒரே மூச்சில் இறுகும்போது மூட்டுக் கண்ணருகே கிழியும்.

டிசம்பர் 20

தொப்பி என்றால் பழனி சுப்பிரமணிய பிள்ளை பெயர் வராமல் இருக்குமா என்று ஒருவர் கோபித்திருக்கிறார். வந்துதான் ஆக வேண்டும். 1908ல் பிறந்து 1962ல் மறைந்த மிருதங்க வித்துவான், புதுக்கோட்டை மரபில் வந்தவர். அவருடைய கும்கியை இன்றும் பேசுகிறார்கள். கும்கி என்பது தொப்பியில் அடித்த ஓசை அடங்குவதற்குள் தோலை அழுத்தி நகர்த்தி ஓசையை வளைப்பது. ரவையின் ஓரம் மெலிந்து தோலோடு ஒட்டியிருந்தால்தான் வளைவு அறுபடாமல் போகும். டிசம்பர் 4ல் ஓரத்தைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தியது இதற்காகவும்தான்.

அவர் இடக்கைக்காரர். அதாவது வலந்தலையை இடக்கையாலும் தொப்பியை வலக்கையாலும் வாசித்தார். மேடையில் இதனால் ஒரு சிக்கல். வழக்கமாக மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம், பாடகரைப் பார்த்து உட்காருவார். அவருடைய வலக்கைப் பக்கம் சபையை நோக்கி இருக்கும், வலந்தலையின் ஓசை கேட்பவருக்கு நேரே போகும். இடக்கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை மேடையின் பின்சுவரைப் பார்க்கும். பாடகரின் இடப்பக்கம் மாறி உட்கார்ந்தால்தான் சரியாகும், அதற்கு வயலின்காரர் இடம் மாறித் தர வேண்டும். ஒலிபெருக்கியை நம்பாத நாளில் இது சின்ன விஷயம் அல்ல. இன்றைக்கு மைக் இருக்கிறது, ஆனாலும் இடம் மாற்றிக் கொடுப்பதுதான் மரியாதை.

டிசம்பர் 22

முதல் நாள் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: "வாரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரவையே வேண்டுமா? சிலிகான் ஒட்டு வந்துவிட்டதே?"

வந்திருக்கிறது, பலர் வைத்துக்கொள்கிறார்கள். மேலே எழுதியவற்றை மறுபடி படித்துப் பார்த்தால் நானே அதற்கு ஆதரவாக நிறைய எழுதியிருக்கிறேன். அது காயாது, குளிரூட்டிய அரங்கில் நடுவே விரலை நனைக்க வேண்டாம். தோலில் தண்ணீர் இறங்காததால் தொப்பி அதிக நாள் உழைக்கும். எறும்பு வராது. தினமும் இரண்டு மணி நேரம் சாதகம் செய்யும் மாணவருக்கு நான் இதையே சொல்வேன். தினமும் நனைந்து காயும் தொப்பி சீக்கிரம் தொய்ந்துவிடும்.

கச்சேரிக்கு மட்டும் என் காது இன்னும் ரவையைக் கேட்கிறது. சிலிகான் ரப்பர்போலத் திருப்பி உதைக்கும். ஈர ரவை உதைக்காது, அடியை வாங்கிக்கொள்ளும். அதனால் சிலிகானில் 'தொம்' சற்று நீண்டு, வால் தெரிகிறது. ஒட்டின் பரப்பைக் குறைத்து நடுவில் தடிப்பைக் கூட்டினால் வால் ஓரளவு குறையும். ஓரத்தில் ஈர விரலால் தோலை லேசாகத் தடவினால் இன்னும் குறையும்.

டிசம்பர் 23

கடைசி வரியைப் படித்துவிட்டு, சிலிகானை வைத்தும் தோலை நனைக்கச் சொல்கிறீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். ஓரத்துத் தோல் தடித்தது, தடவும் அளவு ஈரம் அதைக் கெடுக்காது. நடுத்தோலை நனைக்காதீர்கள், அங்கே ஈரம் இருந்தால் சிலிகான் ஒட்டாமல் வழுக்கும். வலந்தலையைச் சேர்த்தபின், தோல் நன்றாக உலர்ந்திருக்கும்போது அதை வையுங்கள்.